உபயோகமில்லாத ஒரு பறவை

சூரிய மின்சாரம் பூமியின் சூட்டைத் தணிக்கும். அதைச் சுமந்து போகும் கம்பிகள் கானமயிலைத் தீர்த்துக் கட்டும். இந்தத் தர்மசங்கடத்தில் இந்தியா யார் பக்கம்?

2020 பிப்ரவரியில் குஜராத்தின் காந்திநகரில், வலசை போகும் வனவிலங்குகளைப் பற்றிய ஐ.நா. மாநாடு கூடியது. மாநாட்டின் அடையாளப் பறவையாக இந்திய அரசு தேர்ந்தெடுத்தது கானமயிலை. 'கிபி' என்று அதற்கொரு செல்லப் பெயர். லோகோவை வரைந்தவர்கள் தென்னிந்தியக் கோலத்தின் சாயலை எடுத்துக்கொண்டார்கள். உபசாரத்தில் ஒரு குறையும் இல்லை. விருந்தாளிகளை வரவேற்ற பறவைதான் வீட்டுக்குள் செத்துக்கொண்டிருந்தது. மேற்கு ராஜஸ்தானில் கானமயில்கள் வாழும் சுமார் 4,200 சதுர கி.மீ. பரப்பில் மட்டும், மின்கம்பிகளால் வருடத்துக்கு 84,000 பறவைகள் சாகின்றன என்று கணக்குப் போட்டிருந்தது டேராடூனில் உள்ள இந்திய வனவிலங்கு நிறுவனம். எல்லா ஜாதிப் பறவைகளும் சேர்ந்த கணக்கு அது. அதில் கானமயிலின் பங்கு ஆண்டுக்குச் சுமார் 18. கேட்பதற்குச் சின்ன எண். ஆனால் நிறுவனத்தின் மதிப்பீட்டில் தார் பாலைவனத்தில் மிஞ்சியிருந்ததே 128தான்.

ஒரு மீட்டர் உயரம், ஆண் பறவைக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ எடை, சில சமயம் அதற்கும் மேல். பறக்கக்கூடிய பறவைகளில் உலகிலேயே கனமானவற்றில் ஒன்று. ராஜஸ்தானியர்களுக்கு இது கோடாவண், மத்தியப் பிரதேசத்தில் சோன் சிடியா, மராட்டியத்தில் மாள்டோக். தமிழில் கானமயில் என்று அழகான பெயர் இருக்கிறது. ஒரு காலத்தில் பஞ்சாபிலிருந்து தமிழ்நாட்டின் வறண்ட சமவெளிகள் வரை இது திரிந்ததுண்டு. இன்று தமிழனுக்குப் பெயர் மட்டுமே மிச்சம்.

கம்பியில் ஏன் மோதுகிறது? கண் தெரியாமல் இல்லை. புல்வெளியில் நரி எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று பார்த்துக்கொள்ள வசதியாக அதன் கண்கள் தலையின் இரு பக்கங்களில் இருக்கின்றன. பின்னால், பக்கவாட்டில் எல்லாம் தெரியும். நேர் எதிரே உள்ளதுதான் சரியாகத் தெரியாது. பறக்கும்போது தரையைப் பார்த்துக் குனிந்தால் முன்பக்கம் முழுக்க இருட்டு. கடைசி நொடியில் கம்பி தெரிந்தாலும் அந்தக் கனத்த உடம்பைத் திருப்ப முடிவதில்லை. எதிரே குறுக்காக எதுவும் நிற்காத நிலத்தில் லட்சக்கணக்கான வருடங்கள் வாழ்ந்த உயிருக்கு, எதிரே பார்க்கவேண்டிய அவசியம் வந்ததில்லை. பெண் பறவை வருடத்துக்கு ஒரு முட்டை இடும். கூடு கூடக் கட்டாது. வெறும் தரையில் இட்டு, ஏறக்குறைய நான்கு வாரங்கள் தனியாக அடைகாக்கும். நாயோ நரியோ மிதிக்கும் மாடோ அந்த முட்டையை விட்டுவைத்தால் ஒரு குஞ்சு. இப்படிப்பட்ட இனத்தில் வருடத்துக்குப் பதினெட்டு என்பது எந்தக் கணக்கிலும் தாங்காது.

முன்பெல்லாம் குற்றவாளி யார் என்பதில் குழப்பம் இல்லை. கானமயிலின் இறைச்சியில் எந்தப் பாகமும் ருசிதான் என்று பாபர் தம் நினைவுக் குறிப்புகளில் சிலாகித்திருக்கிறார். ராபர்ட் மான்ஸ்ஃபீல்ட் என்ற ஆங்கிலேயர் 1809 முதல் 1829 வரை அகமதுநகர் மாவட்டத்தில் (இப்போது அஹில்யாநகர்) சுட்டுத் தள்ளியது 961 பறவைகளை. ஒரு மனிதர், ஒரு துப்பாக்கி, ஒரு மாவட்டம். இன்று உலகம் முழுவதிலும் சுதந்திரமாகத் திரிபவற்றைப் போல ஆறு மடங்குக்கும் மேல். சுதந்திரத்துக்குப் பின் ஜீப்பும் ரைஃபிளும் வந்தன. தர்மகுமார்சிங்ஜி என்ற பறவை ஆர்வலர் 1969ல் நாடு முழுவதும் 1,260 இருக்கலாம் என்று மதிப்பிட்டார். இப்போது சுதந்திரமாகத் திரிபவை 150ஐத் தாண்டாது என்பதே பொதுவான கணிப்பு.

சலீம் அலி இதைத் தேசியப் பறவையாக்க வேண்டும் என்று வாதாடினார். 1963ல் மயில் தேர்வானது. கானமயிலின் ஆங்கிலப் பெயரை யாராவது ஓரெழுத்துப் பிழையுடன் அச்சிட்டால் மானம் போய்விடும் என்று அதிகாரிகள் பயந்தார்கள் என்று ஒரு கதை உண்டு. உண்மையோ பொய்யோ, இந்திய அரசாங்கத்தைத் தெரிந்தவர்கள் யாரும் அதை நம்ப மறுத்ததில்லை.

1978-79 குளிர்காலத்தில் சவூதி இளவரசர் ஒருவர் வளர்ப்பு வல்லூறுகளோடும் பரிவாரத்தோடும் ஜெய்சால்மர் பாலைவனத்துக்கு வேட்டையாட வந்தார். ராஜஸ்தானில் பொதுமக்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். எண்ணெய் வள நாட்டின் நட்பா, ஒரு பறவையா என்ற சங்கடத்தில் அரசு நெளிந்தது. கடைசியில் வேட்டை நின்றது. அடுத்த ஆண்டே ஜெய்ப்பூரில் இந்தப் பறவைக் குடும்பத்துக்காக ஒரு சர்வதேசக் கருத்தரங்கு நடந்தது. ஒரு வேட்டைக்காரரின் முகத்தைச் சுட்டிக்காட்ட முடிந்ததால் அந்தப் போராட்டம் ஜெயித்தது. விதியின் விளையாட்டு, இன்று கானமயிலைச் செயற்கையாக இனப்பெருக்கம் செய்யும் திட்டத்துக்குத் தொழில்நுட்பம் கற்றுத்தருவது அபுதாபியைச் சேர்ந்த ஓர் அமைப்பு. வல்லூறு வேட்டைக்கு இரையாகும் ஹவுபாரா பறவையைப் பண்ணைகளில் ஆயிரக்கணக்கில் பொரித்தெடுத்துக் கைதேர்ந்தவர்கள் அவர்கள்.

இப்போது சுட்டிக்காட்ட முகம் இல்லை. ஜெய்சால்மரில் சூரியத் தகடு பதிப்பவர் வில்லன் அல்ல. நிலக்கரிப் புகையைக் குறைக்க அவர் உதவுகிறார். அந்த மின்சாரத்தைத் தலைக்கு மேல் கொண்டு செல்லும் கம்பெனி சட்டப்படி அனுமதி வாங்கியிருக்கிறது. அனுமதி தந்த அதிகாரி 2030க்குள் 500 ஜிகாவாட் என்ற தேசிய இலக்குக்காக ஓடுகிறார். டெல்லியிலோ மும்பையிலோ மே மாதத்தில் ஏ.சி. ஸ்விட்சைத் தட்டுபவருக்கு கானமயில் என்று ஒன்று இருப்பதே தெரியாது. ஒவ்வொருவர் கையிலும் நல்ல காரணம் இருக்கிறது. எல்லோர் காரணங்களையும் கூட்டிப் பார்த்தால் விடை ஓர் இனத்தின் சாவு. கொலை நடந்திருக்கிறது, கொலையாளி இல்லை. ஒழுக்கத்தைப் பற்றி நம் முன்னோர்கள் சொல்லிவைத்ததெல்லாம் அறிந்து செய்யும் பாவத்தைப் பற்றித்தான் பெரும்பாலும். இந்த ரகப் பாவத்துக்கு அவர்களிடம் பெயர் இல்லை.

ஆனால் 'சூரியனா, பறவையா' என்று கேள்வியை வைப்பதில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. ஏதோ இரண்டு நல்லவைகள் தற்செயலாக ஒரே இடத்தில் முட்டிக்கொண்டது போலத் தோன்றும். தற்செயல் எதுவும் இல்லை. மின் நிலையங்களும் கம்பிகளும் அங்கே போனதற்கு வெயில் மட்டும் காரணம் அல்ல. நிலம் மலிவு. மலிவாக இருக்கக் காரணம், அரசாங்கத்தின் ஏடுகளில் அது தரிசு. மத்திய அரசு தயாரிக்கும் தரிசு நில வரைபடத் தொகுப்பில் நாட்டின் புல்வெளிகளும் புதர்க்காடுகளும் பெரிய அளவில் 'தரிசு' கணக்கில் சேர்ந்துவிடுகின்றன. மரம் இருந்தால் காடு, பயிர் இருந்தால் வயல், இரண்டும் இல்லையென்றால் வீண். வெள்ளைக்கார வருவாய்த்துறை வரி வசூலிக்க வசதியாகப் பிரித்த பிரிவினை இது. வரி வராத நிலம் வீண் நிலம் என்ற அந்த முடிவை, சுதந்திர இந்தியா கேள்வி கேட்காமல் எடுத்துக்கொண்டது.

ஜெய்சால்மர்க்காரர்கள் அதை வீண் என்று சொன்னதில்லை. அங்கே 'ஓரண்' என்று கோயில் நிலங்கள் உண்டு. தெய்வத்தின் பெயரால் விடப்பட்டவை. மரத்தை வெட்டக் கூடாது, உழக் கூடாது. ஆனால் ஆடு மாடு ஒட்டகம் மேய்க்கலாம். தேக்ராய் மாதா ஓரண் மட்டும் பல்லாயிரம் பிகா பரப்பு. ஊராருக்கு இது பல தலைமுறைகளாக ஓரண். தாலுகா அலுவலகத்தின் ஏட்டில் அதன் ஒரு பகுதிதான் ஓரண், மிச்சம் அரசுப் புறம்போக்கு. அந்த மிச்சத்தின் மேல்தான் கம்பிகள் போயிருக்கின்றன. ஒட்டகம் மேய்ப்பவர்கள் ஊர்வலம் போனார்கள், மனுக் கொடுத்தார்கள். கானமயிலுக்கும் அவர்களுக்கும் வழக்கு ஒன்றுதான். இருவருமே பத்திரம் இல்லாத குடியிருப்பாளர்கள்.

நீதிமன்றத்தின் கதையும் சுவாரஸ்யமானது. கிர் சிங்கங்களைப் பற்றிய வழக்கில் 2013 ஏப்ரலில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், மனிதனை மட்டும் மையமாக வைத்துப் பார்க்கும் பார்வை போதாது, மற்ற உயிர்களுக்கும் வாழும் உரிமை உண்டு என்ற நிலையை எடுத்தது. உடனடியாகக் காப்பாற்ற வேண்டிய இனங்களின் பட்டியலில் கானமயிலையும் சேர்த்தது. 2019ல் எம்.கே. ரஞ்சித்சிங் வழக்குப் போட்டார். முன்னாள் ஐ.ஏ.எஸ். அதிகாரியான இவர்தான் 1972ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை உருவாக்கியதில் முக்கியமானவர். தாம் எழுதிய சட்டத்தை அமல்படுத்தச் சொல்லித் தாமே வழக்குப் போடவேண்டிய நிலை. 2021 ஏப்ரல் 19 அன்று நீதிமன்றம் விரிவான உத்தரவு ஒன்றைத் தந்தது. கானமயிலின் முக்கிய வாழிடத்திலும் அது வரக்கூடிய பகுதிகளிலும், சுமார் 99,000 சதுர கி.மீ. பரப்பில், தாழ்அழுத்தக் கம்பிகள் நிலத்துக்கடியில் போகவேண்டும். உயர் அழுத்தக் கம்பிகள் சாத்தியப்படுமா என்று ஒரு குழு பார்க்கவேண்டும். அதுவரை கம்பிகளில் பறவையை எச்சரிக்கும் சுழல் தட்டுகளை மாட்டவேண்டும்.

ஏழு மாதங்களில் மத்திய அரசு திருத்தம் கேட்டு வந்து நின்றது. அதன் வாதத்தைச் சும்மா சாக்கு என்று தள்ளிவிட முடியாது. மிக உயர்ந்த அழுத்தத்தில் மாறுதிசை மின்சாரத்தை நீண்ட தூரத்துக்கு நிலத்தடிக் கேபிளில் கொண்டுபோவது நடைமுறையில் முடியாத காரியம். கேபிளே மின்சாரத்தைச் சேமித்துக்கொண்டு, போகவேண்டியதைப் போகவிடாமல் செய்யும். செலவும் பல மடங்கு. தமிழ்நாட்டில் ஏறக்குறைய முக்கால் பங்கு இருக்கும் ஒரு பரப்பு முழுவதும் இந்தத் தடையைப் போட்டால் சூரிய மின்சாரம் தேங்கும், நிலக்கரி எரியும் என்றது அரசு. 2024 மார்ச் 21 அன்று நீதிமன்றம் தன் உத்தரவைத் தளர்த்தி, வல்லுநர் குழுவிடம் விஷயத்தை ஒப்படைத்தது. அதே தீர்ப்பில்தான், பருவநிலை மாற்றத்தின் தீமைகளிலிருந்து பாதுகாப்புப் பெறும் உரிமை அரசியல் சட்டத்தின் 14, 21வது பிரிவுகளில் அடங்கியிருக்கிறது என்று முதல் முறையாக அறிவித்தது. உலகெங்கும் சட்ட மாணவர்கள் இதைக் கொண்டாடினார்கள். கானமயிலுக்குச் செலவான தீர்ப்பு என்பது பலருக்கு நினைவில்லை. 2025 டிசம்பரில் குழுவின் பரிந்துரைகளைப் பெருமளவு ஏற்று, ராஜஸ்தானில் 14,013 சதுர கி.மீ., குஜராத்தில் 740 சதுர கி.மீ. முன்னுரிமைப் பகுதிகள் என்று வரையறை செய்தது. அந்த எல்லைக்குள் புதிய காற்றாலைகளும் பெரிய சூரியப் பூங்காக்களும் கூடாது. கம்பிகளுக்குத் தனிப் பாதைகள்.

99,000லிருந்து 15,000க்குள் வந்தது சமரசம். நியாயமான சமரசம்தான் என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் தராசின் இரு தட்டுகளிலும் இருப்பவை ஒரே ஜாதிச் சரக்கு அல்ல. கம்பியை வேறு வழியாகக் கொண்டுபோகலாம். தாமதமானால் அடுத்த வருடம் போடலாம். செலவு அதிகமானால் யூனிட்டுக்குச் சில காசுகள் ஏற்றலாம். ஒரு தட்டில் இருப்பவற்றுக்கெல்லாம் மாற்று உண்டு, விலை மட்டும்தான் பேச்சு. மற்றத் தட்டில் இருப்பதற்கு மாற்றும் இல்லை, அடுத்த வருடமும் இல்லை. அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஹோம்ஸ் ரோல்ஸ்டன், ஓர் இனத்தை ஒழிப்பது சாதாரணக் கொலையை விட வேறு வகையான பெருங்கொலை என்றார். ஒரு பறவையைக் கொன்றால் ஓர் உயிர் போகிறது. இனத்தை முடித்தால் இனிப் பிறக்கவிருந்தவை அத்தனையும் பிறக்காமலே போகின்றன. அதைச் சமன்படுத்த எத்தனை மெகாவாட் வேண்டும் என்று கேட்பது, அம்மாவை விற்றால் எத்தனை ரூபாய் கிடைக்கும் என்று விசாரிப்பதைப் போன்றது.

அந்தப் பறவையால் என்ன உபயோகம்? கூட்டங்களில் கட்டாயம் எழும் கேள்வி. பிணந்தின்னிக் கழுகு விஷயத்தில் இதற்குச் சுலபமான பதில் இருந்தது. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் வலிமருந்தால் 1990களில் கழுகுகள் கொத்துக் கொத்தாய்ச் செத்தன. செத்த மாடுகளைத் தின்ன ஆளில்லாமல் தெருநாய்கள் பெருகின, தண்ணீர் கெட்டது. 2000த்திலிருந்து 2005க்குள் இதனால் கூடுதலாகச் சுமார் 5 லட்சம் மனிதர்கள் இறந்திருக்கலாம் என்று 2024ல் வெளியான ஒரு பொருளாதார ஆய்வு சொன்னது. உடனே எல்லோருக்கும் கழுகின் அருமை புரிந்தது. கானமயில் அப்படி எந்த உத்தியோகமும் பார்க்கவில்லை. வெட்டுக்கிளி, வண்டு, ஓணான், இலந்தைப் பழம் தின்னும். வயலில் கடலையும் கொறிக்கும். அது போய்விட்டால் யார் வீட்டிலும் விளக்கு அணையாது, யாருக்கும் காய்ச்சல் வராது. புல்வெளியின் நலத்துக்கு அது ஓர் அளவுகோல் என்று விஞ்ஞானிகள் சொல்வது சரிதான். ஆனால் அதுவும் பறவைக்கு ஒரு வேலை தேடிக் கொடுக்கும் முயற்சியே. வேலை பார்ப்பவனுக்குத்தான் சோறு என்ற விதியை ஒப்புக்கொண்டுவிட்டால், அந்த வேலையை மலிவாகச் செய்ய ஒரு இயந்திரம் வந்த அன்று பறவையைக் கைகழுவலாம். 1976ல் அரசியல் சட்டத்தில் சேர்த்த 51ஏ பிரிவு, உயிர்களிடம் கருணை காட்டுவது குடிமகனின் கடமை என்கிறது. உபயோகமுள்ள உயிர்களிடம் என்று அதில் இல்லை.

பணம் யார் தருவது என்பதில்தான் இந்தக் கருணைப் பேச்சு பலமுறை கவிழ்ந்திருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் சிவபுரி மாவட்டத்தில் கரேரா என்ற ஊரில் 1981ல் கானமயிலுக்காகச் சரணாலயம் அறிவித்தார்கள். பறவை இருந்தது மக்களின் வயல்களில். சரணாலயம் வந்ததும் நிலத்தை விற்க முடியாமல் போனது. பாதுகாப்பில் வெளிமான்கள் பெருகிப் பயிரை மேய்ந்தன. அதுவரை பறவையைத் தொந்தரவு செய்யாத கிராமத்தார்களுக்கு அதுவே சனியனாகத் தெரிந்தது. 1990களில் கரேராவில் கானமயில் இல்லை. பறவை இல்லாத பறவைச் சரணாலயம் மட்டும் பல ஆண்டுகள் காகிதத்தில் இருந்தது. ஆந்திராவில், அன்றைய கர்னூல் மாவட்டத்தின் ரோல்லபாடுவிலும் பறவை மறைந்தது. ஜெய்சால்மரின் தேசியப் பாலைவனப் பூங்கா 3,162 சதுர கி.மீ. அதற்குள் பல கிராமங்கள். சாலை, குடிநீர், மின்சாரம் என்று எதைக் கேட்டாலும் 'பூங்கா' என்ற பதில் பல காலம் அவர்களுக்குக் கிடைத்தது. ஆயிரக்கணக்கான மெகாவாட் தங்கள் தலைக்கு மேல் போவதைப் பார்த்துக்கொண்டு, தங்கள் குடிசைக்கு ஒரு கம்பி வராததற்குக் கானமயில்தான் காரணம் என்று கேட்டு வளர்ந்தவனிடம் போய் உயிரினங்களின் உரிமையைப் பற்றிப் பேசுவதற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். பறவைக்கான விலையை இதுவரை கொடுத்தவன் அவன்தான். கம்பியை மண்ணுக்குள் புதைக்கச் சொன்னபோதுதான் முதல் முறையாக விலைச்சீட்டு வேறு முகவரிக்குப் போனது. உடனே அது கட்டுப்படியாகாத விலை என்று கண்டுபிடிக்கப்பட்டது.

இதற்கிடையே ஒரு நல்ல செய்தியும் உண்டு. 2019 முதல் ஜெய்சால்மர் மாவட்டத்தில் காட்டுப் பறவைகளின் முட்டைகளை எடுத்து வந்து இன்குபேட்டரில் பொரிக்கிறார்கள். முதல் வருடத்தில் ஒன்பது குஞ்சுகள் பொரித்தன. இப்போது ராம்தேவ்ரா, சுதாசரி மையங்களில் 60க்கும் மேற்பட்ட பறவைகள். 2024 அக்டோபரில் செயற்கைக் கருவூட்டல் மூலம் முதல் குஞ்சு பிறந்தது. ராம்தேவ்ராவில் ஒரு பொம்மைப் பெண் பறவையை வைத்து ஆண் பறவையைப் பழக்கி, எடுத்த விந்தணுவைச் சுமார் 200 கி.மீ. தள்ளிச் சுதாசரிக்குக் கொண்டுபோய், அங்கிருந்த பெண்ணுக்குச் செலுத்தினார்கள். பறவைகளைத் தம் குழந்தைகளைப் போலப் பார்த்துக்கொள்ளும் ஊழியர்களின் உழைப்பைக் குறைசொல்ல யாருக்கும் மனம் வராது.

இருந்தாலும் கேள்விகள் இருக்கின்றன. வருடத்துக்கு ஒரே முட்டை இடும் தாயிடமிருந்து அதையும் எடுப்பது நியாயமா? எடுத்தால் பெரும்பாலும் மறுபடி இடும், காட்டில் விட்டால் நாய் தின்னும் என்பது பதில். ஏற்கக்கூடிய பதில். இனம் பிழைப்பதற்காகத் தனிப் பறவையின் துக்கத்தைக் கணக்கில் எடுக்காமல் விடுகிறோம் என்பதையாவது தெரிந்து செய்யவேண்டும். கையால் ஊட்டி வளர்த்த பறவை மனிதனையே தன் இனம் என்று எண்ணிக்கொள்ளும். அதைப் புல்வெளியில் விட முடியாது, அதன் குஞ்சுகளையோ பேரன் பேத்திகளையோதான் விடலாம். இன்னொரு ஆபத்து இதைவிட நுட்பமானது. 'பண்ணையில் பத்திரமாக இருக்கிறது' என்ற வாக்கியம் கோப்புகளில் ஏறிவிட்டால், வெளியே கம்பி போட இருந்த கடைசித் தயக்கமும் போய்விடும். சிறுத்தைப் புலி விஷயத்தில் நாடு இதற்கு ஒத்திகை பார்த்திருக்கிறது. சீட்டாவை 1952ல் அழிந்ததாக அறிவித்துவிட்டு, 70 வருடம் கழித்து 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து கடன் வாங்கிக் குனோவில் இறக்கினோம். கானமயிலைக் கடன் கேட்க வேறு கண்டம் கிடையாது. எல்லை தாண்டிப் பாகிஸ்தானில் ஒன்றிரண்டு திரியலாம், அவ்வளவுதான்.

கட்ச் மாவட்டத்தின் நலியாவுக்கு அருகே லாலா என்ற இடத்தில் கானமயிலுக்கு ஒரு சரணாலயம் இருக்கிறது. பரப்பு இரண்டு சதுர கி.மீ. சுற்றிலும் காற்றாலைகள், கம்பிகள். 2018க்குப் பிறகு அந்தப் பகுதியில் ஆண் பறவை எதுவும் கண்ணில் படவில்லை. நான்கைந்து பெண் பறவைகள் மட்டும் புல்வெளியில் திரிந்துகொண்டிருந்தன. மறுபுறம், ராஜஸ்தானில் கானமயில் ஓரளவு நிம்மதியாக இருக்கும் இடங்களில் ஒன்று ராணுவத்தின் பொக்ரான் பயிற்சிக் களம். பீரங்கிகள் முழங்கும். டாங்கிகள் ஓடும். ஆனால் வேலி கட்டி உழ ஆள் வரமாட்டார்கள், குறுக்கே கம்பி இழுக்க அனுமதி கிடைக்காது. இரண்டு முறை அணுகுண்டு சோதித்த வட்டாரத்தில் முட்டையிடுவதே பாதுகாப்பு என்ற நிலைக்கு ஒரு பறவை வந்திருக்கிறது.

ராம்தேவ்ராவிலும் சுதாசரியிலும் இன்னும் சில வருடங்களில் வெளியே விடத் தகுதியான தலைமுறை தயாராகிவிடும் என்று விஞ்ஞானிகள் எதிர்பார்க்கிறார்கள். எங்கே விடுவது என்பதற்கு முதலில் நிலம் தேடவேண்டும். புல் உள்ள, நாய் இல்லாத, தலைக்கு மேல் எதுவும் குறுக்கிடாத நிலம். அப்படிப்பட்ட நிலங்கள் எங்கெங்கே என்று தேடுகிறவர்கள் முதலில் புரட்டவேண்டியது வருவாய்த்துறையின் ஏட்டைத்தான். அதில் 'தரிசு' என்று போட்டிருக்கும் பக்கங்களை.